நகராட்சி அலுவலக மாடிக்கு ஏற முடியாதவர் பெயர் மாற்றம் பெறுவது எப்படி?

கேள்வி: காவிரிக்கரை

அனைவருக்கும் வணக்கம். நான் டெல்டாப் பகுதியில் உள்ள ஒரு நகராட்சியில் வசிக்கிறேன். இளம்பிள்ளை வாதத்தால் சிறு வயது முதல் காலிப்பர் (காலைத் தாங்கும் உலோகக் கருவி) அணிந்து ஊன்றுகோல்களுடன் நடந்துவந்தேன். தோள் மூட்டுகள் தேய்ந்துவிட்டதால் சில ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியையே பயன்படுத்துகிறேன். அப்பா காலமான பிறகு, ஒரே வாரிசு என்ற முறையில் வீடு எனக்கு வந்திருக்கிறது. சொத்து வரியையும் குடிநீர் இணைப்பையும் என் பெயருக்கு மாற்ற இணையத்தில் விண்ணப்பித்தேன். விண்ணப்பம் பதிவாகிவிட்டது. ஆனால், வாரிசுச் சான்றையும் பத்திரத்தையும் அசலாக நேரில் காட்ட வேண்டும் என்று வருவாய்ப் பிரிவிலிருந்து அழைத்தார்கள். வருவாய்ப் பிரிவு முதல் மாடியில் இயங்குகிறது. லிஃப்ட் கிடையாது.

கட்டடத்தின் முகப்பில் நான்கு படிகள். அவற்றின் ஓரத்தில் ஒரு சாய்தளம் கட்டி, கைப்பிடிக் கம்பிக்கு நீல வண்ணம் அடித்து, சுவரில் சக்கர நாற்காலிச் சின்னமும் வரைந்திருக்கிறார்கள். சாய்தளத்தின் அடியில் எப்போதும் ஊழியர்களின் இருசக்கர வாகனங்கள் நிற்கின்றன. அவற்றை நகர்த்திய பிறகும், பின்னாலிருந்து ஒருவர் தள்ளினால் நாற்காலி மல்லாந்துவிடுமோ என்று அஞ்சும் அளவுக்கு அது செங்குத்தாக இருக்கிறது. ஏறி முடித்தால், வாசலில் ஒரு நிலைப்படி குறுக்கே நிற்கிறது. உள்ளே, தரைத்தளத்தில் இருக்கும் பிறப்பு இறப்புப் பதிவுக் கவுண்டரின் பலகை என் நெற்றிக்கு மேல் இருக்கிறது. காகிதத்தை உயர்த்தி நீட்டினால் அதை வாங்கிக்கொள்ளும் கை மட்டுமே எனக்குத் தெரியும், முகம் தெரியாது.

அந்தக் கவுண்டரில் இருந்தவர் மரியாதையாகவே பேசினார். மாடிக்குத் தொலைபேசியில் கேட்டுச் சொன்னார். "வீட்டிலிருந்து ஆம்பளைங்க யாரையாவது அனுப்பச் சொல்லுங்க" என்பதுதான் மேலிருந்து வந்த பதில். அனுப்புவதற்கு எனக்கு யாரும் இல்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். இருந்தாலும், என் வீட்டின் அசல் பத்திரத்தை இன்னொருவர் கையில் கொடுத்தனுப்ப நான் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? பிறகு அலுவலக உதவியாளர்கள் இருவர் வந்து, நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போவதாகச் சொன்னார்கள். நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

கோப்பை எடுத்துக்கொண்டு அலுவலர் கீழே வர வேண்டும் என்று கேட்க எனக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறதா, அல்லது அது அவர்கள் விருப்பத்தைப் பொறுத்த சலுகைதானா என்பதை அறிய விரும்புகிறேன். சாய்தளத்தைப் பற்றியும் லிஃப்ட் இல்லாததைப் பற்றியும் எழுதுவதென்றால் யாருக்கு எழுத வேண்டும்? அப்படி எழுதினால் என் பெயர் மாற்றக் கோப்பு அதனாலேயே கிடப்பில் போடப்படுமோ என்ற அச்சமும் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில்: பழைய கோப்பு

வணக்கம் அம்மா. நகராட்சி நிர்வாகத்தில் பல ஊர்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நீங்கள் இரண்டு வேறு கோரிக்கைகளை ஒன்றாகச் சேர்த்துக் கேட்கிறீர்கள். அலுவலகத்தில் இரண்டும் வெவ்வேறு மேசைகளுக்குப் போகும். வெவ்வேறு வேகத்தில் நகரும். சாய்தளத்தைத் திருத்துவதும் லிஃப்ட் அமைப்பதும் பொறியியல் பிரிவின் வேலை. அதற்கு மதிப்பீடு தயாரிக்க வேண்டும், நிதி ஒதுக்க வேண்டும், மன்றத்தில் தீர்மானம் வைக்க வேண்டும், தொழில்நுட்ப அனுமதி பெற வேண்டும், ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும். இவையெல்லாம் முடிவதற்குள் ஆணையரே மாறிவிடக்கூடும். ஆனால், ஒரு வருவாய் உதவியாளர் உங்கள் கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்து, அசலைப் பார்த்து, நகலில் "அசலுடன் ஒப்பிடப்பட்டது" என்று எழுதிக் கையொப்பமிட்டுச் செல்வதற்கு மதிப்பீடும் தேவையில்லை, தீர்மானமும் தேவையில்லை. மேலாளர் வாய்மொழியாகச் சொன்னாலே போதும். எனவே இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதாதீர்கள். எழுதினால் அந்தக் கடிதம் பொறியியல் பிரிவுக்குப் போய்விடும்; உங்கள் பெயர் மாற்றமும் அதோடு சேர்ந்து அங்கே உறங்கும்.

முதல் கடிதம் பெயர் மாற்றத்துக்கு மட்டும். ஆணையருக்கு முகவரியிட்டு எழுதுங்கள். விண்ணப்ப எண், வரிவிதிப்பு எண், உங்கள் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகல் ஆகியவை போதும். மருத்துவ வரலாறு எதுவும் தேவையில்லை. "அசல் ஆவணங்களைத் தரைத்தளத்திலேயே சரிபார்த்துத் தர வேண்டும்" என்று செயலைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். "ஆவன செய்ய வேண்டுகிறேன்" என்று பொதுவாக முடித்தால், ஆவன செய்யப்படும் என்றுதான் பதில் வரும். தபால் பிரிவில் கொடுத்து, உங்களிடம் உள்ள நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். தபால் பிரிவும் மாடியில் இருந்தால் சேர்ந்ததற்கான ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.

அலுவலர் குடிமக்களை நாடி வருவது நம் நிர்வாகத்துக்குப் புதிதும் அல்ல. உடல்நலக் குறைவால் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வருவது ஆபத்தாகவோ பெரும் சிரமமாகவோ உள்ளவரை நேரில் வரச் சொல்லக்கூடாது, பதிவு அலுவலர் அவர் வீட்டுக்குச் செல்ல வேண்டும் அல்லது விசாரிக்க ஆணைக்குழு அனுப்ப வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், பிரிவு 38-இல், வெள்ளைக்காரன் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. 2024 மக்களவைத் தேர்தலில், 40 விழுக்காட்டுக்குக் குறையாத ஊனமுடையவர்களிடமும் 85 வயதைக் கடந்தவர்களிடமும் வீட்டிலிருந்தே வாக்களிக்க விண்ணப்பிக்கும் 12டி படிவம் பெற்று, வீட்டுக்கே வாக்குச்சீட்டைக் கொண்டுபோனார்கள். தேர்தல் பணிக்கு வீடு வீடாகப் போகும் அரசு ஊழியர், தன் அலுவலகத்தின் ஒரு மாடிப்படியை இறங்க முடியாது என்று சொன்னால் அதில் நியாயம் இல்லை.

கோப்பைக் கிடப்பில் போடுவார்களா என்று கேட்டீர்கள். வெளிப்படையாக அப்படிச் செய்வது அபூர்வம். "ஆவணக் குறைபாடு" என்று ஒரு குறிப்பெழுதித் திருப்பிவிடுவதுதான் வழக்கம். குறைபாடு என்ன என்று எழுத்தில் கேளுங்கள். ஒவ்வோர் அரசு அலுவலகத்திலும் குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருப்பதாகவும் நினைவு. அவரிடமும் ஒரு நகல் கொடுத்து வையுங்கள்.

பதில்: சட்டக்குறிப்பு

மேலே ஐயா சொன்ன நடைமுறை சரியானது. குறைதீர் அலுவலர் பற்றி மட்டும் ஒரு விளக்கம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன் பிரிவு 23 கூறும் குறைதீர் அலுவலர், பிரிவு 20 மீறப்படும்போது, அதாவது அரசுப் பணியில் இருப்பவருக்கு வேலையில் பாகுபாடு காட்டப்படும்போது, புகார் பெறுவதற்கானவர். சேவை பெற வரும் பொதுமக்களின் புகாருக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. அதை மேற்கோள் காட்டினால், "எங்கள் வரம்பில் வராது" என்று ஒரே வரியில் திருப்பிவிட வழி கொடுத்ததாகிவிடும்.

நீங்கள் சுட்டவேண்டியது பிரிவு 3. அதன் 5-ஆம் உட்பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்கு நியாயமான ஏற்பாடுகள் கிடைப்பதை உரிய அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. நியாயமான ஏற்பாடு எது என்பதைப் பிரிவு 2(ஒய்) வரையறுக்கிறது: மற்றவர்களுக்குச் சமமாக ஒருவர் தம் உரிமைகளைப் பயன்படுத்துவதற்காக, குறிப்பிட்ட சூழலில் அளவுக்கு மீறிய சுமையை ஏற்படுத்தாத வகையில், செய்யப்படும் தேவையான மாற்றங்கள். சுமை என்ற இந்த ஒரு சொல்லின் மேல்தான் வாதம் எழும். பழைய கட்டடத்தில் லிஃப்ட் வைப்பது சுமை என்று ஒரு நகராட்சி வாதிடலாம். வாதம் எடுபடுமா என்பது வேறு. கோப்போடு ஒருவர் கீழே வருவது சுமை என்று எந்த நீதிமன்றத்திலும் வாதிட முடியாது. ஆகவே நீங்கள் கேட்பது சலுகை அல்ல, சட்டப்படியான உரிமை. மறுப்பதென்றால், ஏன் அது அளவுக்கு மீறிய சுமை என்பதை அவர்கள்தான் விளக்க வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே படிப்பவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். நியாயமான ஏற்பாடு கேட்க 40 விழுக்காடு ஊனம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் இதைத் தெளிவாகக் கூறிவிட்டது. எழுதும்போது கை தசை இழுத்துக்கொள்ளும் நோயுள்ள ஒரு தேர்வர், எழுத உதவியாளர் கேட்டுத் தொடுத்த வழக்கு அது. 40 விழுக்காடு என்ற அளவுகோல் இடஒதுக்கீடு போன்ற குறிப்பிட்ட பயன்களுக்கானது. படியேற முடியாமல் நிற்பவரிடம் கவுண்டரில் சதவீதம் கேட்பது சட்டத்தின் நோக்கத்துக்கே மாறானது.

கட்டடத்தைப் பொறுத்தவரை கொஞ்சம் எச்சரிக்கையாக எழுத வேண்டும். விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் ஏற்கெனவே உள்ள எல்லாப் பொதுக் கட்டடங்களும் அணுகத்தக்கவையாக மாற்றப்பட வேண்டும் என்கிறது பிரிவு 45. விதிகள் 2017 ஜூன் மாதத்தில் வந்தன. அந்தக் கணக்கில் கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. பலரும் இதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் ராஜீவ் ராதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று, அந்த விதிகளில் 15(1) வெறும் பரிந்துரைகளாகவே இருக்கிறது, சட்டம் கேட்பதோ கட்டாயத் தரநிலைகள் என்று கூறி அந்த விதியைச் செல்லாததாக்கியது. கட்டாய விதிகளை மூன்று மாதங்களில் வகுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஆகவே கெடுவின் தேதியை மட்டும் பிடித்துக்கொண்டு எழுதாமல், பிரிவு 45-உடன் பிரிவு 3(5)-ஐயும் சேர்த்து எழுதுங்கள். அப்போது விதிகளைப் பற்றிய விவாதத்துக்குள் போய் ஒளிந்துகொள்ள இடமிருக்காது.

ஆணையர் பதில் தராவிட்டால், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் நகல் அனுப்பலாம். அதற்கு மேல், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்கிறார். பிரிவு 80-இன்படி அவர் விசாரிக்கலாம். சாட்சிகளை அழைப்பது, ஆவணங்களை வரவழைப்பது போன்றவற்றில் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரை அனுப்பினால், எடுத்த நடவடிக்கையை மூன்று மாதங்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 81. அவர் கொடுப்பது தீர்ப்பல்ல, பரிந்துரைதான் என்ற குறை இருந்தாலும், வழக்கறிஞர் இல்லாமல், கட்டணம் இல்லாமல் ஒரு நகராட்சியை எழுத்தில் பதில் சொல்லவைக்கும் வழி இது.

பதில்: ரசமட்டம்

நான் கட்டடப் பொறியாளர். அந்தச் சாய்தளம் ஏன் அப்படி இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். சட்டத்தை விவரமறிந்தவர்கள் சொல்லிவிட்டார்கள்.

நான்கு படிகள் என்றால் தரையிலிருந்து சுமார் 60 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். வழிகாட்டு நெறிமுறைகள் சொல்லும் சரிவு 1-க்கு 12. அதாவது 60 செ.மீ. ஏற 7.2 மீட்டர் நீளம் வேண்டும். அவ்வளவு நீளம் முகப்பில் கிடைக்காது என்றால், பாதையை மடக்கி, திரும்பும் இடத்தில் நாற்காலி சுழல 1.5 மீட்டர் சமதளம் விட்டு, மறுபடி ஏற்ற வேண்டும். உங்கள் ஊரில் நடந்திருக்கக்கூடியது என்னவென்றால், படிக்கும் சுற்றுச்சுவருக்கும் இடையே மூன்று மீட்டர்தான் இருந்திருக்கும். இருக்கும் இடத்தில் கொட்டிவிட்டார்கள். சரிவு 1-க்கு 5 ஆகிவிடும். அதில் யாராலும் சொந்தக் கையால் சக்கரத்தை உருட்டி ஏற முடியாது. தள்ளி ஏற்றுவதும் ஆபத்து.

இதில் யாரும் பொய்க்கணக்கு எழுத வேண்டிய தேவையே இல்லை என்பதுதான் விசித்திரம். மதிப்பீட்டில் "சாய்தளம் அமைத்தல்" என்று ஒரு வரி இருக்கும். ஒப்பந்தக்காரர் கொட்டிய கான்கிரீட்டின் நீளம், அகலம், உயரம் எம்-புக்கில் (வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகத்தில்) ஏறும், கன மீட்டர் கணக்குச் சரியாக இருக்கும், பில் பாஸாகும். சரிவு என்ன என்பதை எழுதுவதற்கு அந்தப் புத்தகத்தில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. பிறகு ஆய்வுக்கு வருபவர் சாய்தளம் இருக்கிறதா என்று பார்த்து, இருக்கிறது என்று குறித்துக்கொண்டு போவார். அதனால்தான் ஊர் ஊராக ஒரே மாதிரி, நீல வண்ணக் கம்பியோடு, யாரும் ஏறாத சாய்தளங்களைப் பார்க்கிறோம்.

உங்கள் இரண்டாவது கடிதத்தில் "சாய்தளம் சரியில்லை" என்று எழுதாதீர்கள். ஒரு டேப்பும் ரசமட்டமும் கொண்டு யாரையாவது அளக்கச் சொல்லி, உயரம் இவ்வளவு, நீளம் இவ்வளவு, ஆகவே சரிவு இவ்வளவு, இருக்க வேண்டியது 1-க்கு 12 என்று எழுதுங்கள். எண்ணுக்கு எண்ணால்தான் பதில் எழுத முடியும். நிலைப்படியை எடுத்துச் சமன்செய்வதும், வாகனம் நிறுத்தத் தடை போட்டு இரண்டு கம்பி நடுவதும், ஒரு கவுண்டரின் பலகையை 75 முதல் 80 செ.மீ. உயரத்துக்குத் தாழ்த்தி, அடியில் முழங்கால் நுழைய இடம் விடுவதும் சில்லறைப் பராமரிப்புச் செலவில் முடியக்கூடியவை. இவற்றைத் தனியாகவும், லிஃப்ட்டைத் தனியாகவும் கேளுங்கள். லிஃப்ட்டுக்குப் பணம் இல்லை என்ற பதிலுக்குள் நிலைப்படியும் அடங்கிவிடக் கூடாது.

கட்டிவிட்டால் மட்டும் முடியாது என்பதற்கு மெரினாவைச் சொல்ல வேண்டும். சக்கர நாற்காலியில் கடலருகே செல்வதற்காக 263 மீட்டர் நீள மரப்பாதையைச் சென்னை மாநகராட்சி 2022 நவம்பரில் திறந்தது. நல்ல வேலைப்பாடு. அடுத்த மாதமே மாண்டஸ் புயலின் அலைகள் அதன் கடற்பக்கப் பகுதியைப் பெயர்த்துவிட்டன. பழுதுபார்த்து மீண்டும் திறந்தார்கள். மாநகராட்சியிடம் அதற்கு ஆளும் நிதியும் இருந்தன. சின்ன நகராட்சியில் லிஃப்ட் வைத்தால், இரண்டாம் ஆண்டு பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு யார் பணம் ஒதுக்குவது என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள்.

பதில்: ஊராட்சிச் செயலர்

எல்லோரும் அலுவலகத்தை எதிர்த்தரப்பாகவே எழுதுகிறீர்கள். நான் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஒரு சிறிய நகராட்சியின் வருவாய்ப் பிரிவில் இருக்க வேண்டிய ஆட்களில் பாதிப் பேர்தான் இருப்பார்கள். வரி வசூல் காலத்தில் வரிசை படிக்கட்டு வரை நிற்கும்போது ஒருவர் எழுந்து கீழே போனால், காத்திருப்பவர்கள் சத்தம் போடுவார்கள். நினைத்த நேரத்தில் வரச் சொல்லாமல், முன்கூட்டியே ஒரு நாளும் நேரமும் குறித்துக் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். எடுத்த எடுப்பில் பிரிவு எண்களை அடுக்கினால், செய்ய நினைப்பவரும் மேலதிகாரியிடம் கருத்துரு அனுப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வார். தூக்கிச் செல்ல முன்வந்த உதவியாளர்களையும் குறை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

எங்கள் ஊராட்சியில் கிராம சபையைக் கோயில் மண்டபத்தில் நடத்திவந்தோம், படிகள் அதிகம். ஒருவர் கேட்டதும் பள்ளித் திடலுக்கு மாற்றினோம். செலவு எதுவும் ஆகவில்லை. காது கேளாத ஒரு பெண்மணிக்காக, கூட்டப் பொருளை முந்தைய நாளே தெளிவாக எழுதிக் கொடுக்கிறோம். பேசுபவர் அவர் பக்கம் முகம் திருப்பிப் பேச வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். சைகை மொழி பெயர்ப்பாளர் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் அவர் வீட்டில் பழகிய சைகைகள் வேறு. அவருடைய தங்கை பக்கத்தில் அமர்ந்து சொல்கிறார். முழுமையான ஏற்பாடு இல்லைதான், ஆனால் அவர் இப்போது ஆண்டின் ஆறு கிராம சபைகளுக்கும் வருகிறார், தெருவிளக்கைப் பற்றிச் சண்டையும் போடுகிறார்.

பதில்: வெண்கோல்

எனக்குப் பார்வை இல்லை. இங்கே பேச்சு முழுக்கப் படிக்கட்டைப் பற்றியே போவதால் இதைச் சேர்க்கிறேன். "இணையத்தில் விண்ணப்பித்தால் அலுவலகத்துக்கு வரவே வேண்டாம்" என்பது எங்களிடம் அடிக்கடி சொல்லப்படும் ஆறுதல். பல உள்ளாட்சித் தளங்களில் கேப்ட்சா, அதாவது நாம் மனிதர்தான் என்று உறுதிசெய்யப் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டிய எழுத்துகள், படமாக மட்டும் வருகிறது. திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் அதை "படம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். அறிவிப்புகளைக் காகிதத்தில் எடுத்து ஸ்கேன் செய்து ஏற்றுகிறார்கள். அதில் படிக்க எழுத்தே இருக்காது. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு என்றால், என்விடிஏ என்ற திரைவாசிப்பான் அதை ஆங்கில எழுத்துகளாக ஒவ்வொன்றாகக் கூவிக்கொண்டே போகும். தமிழக அரசு 2010-லேயே ஒருங்குறியை (யூனிகோடை) ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதை நினைத்துக்கொண்டு அந்தக் கூச்சலைக் கேட்க வேண்டும். கவுண்டருக்குப் போனால், நான் கையொப்பமிடுபவன் என்று சொல்லியும் மைப்பெட்டியை எடுத்து என் பெருவிரலைப் பிடிப்பார்கள்.

2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில், மின்னணுச் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. கண் சிமிட்டிக் காட்டச் சொல்லும் இ-கேஒய்சி (இணையவழி அடையாளச் சரிபார்ப்பு) முறையால் அமிலவீச்சில் கண்கள் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் விலக்கப்பட்டதை எதிர்த்த வழக்கு அது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் எங்களுக்கு ஒரு வழி இருக்கிறது: வாய்மொழியாகச் சொல்வதை எழுதிக்கொள்ள உதவ வேண்டும் என்று பிரிவு 6-உம், புலன் குறைபாடு உள்ளவர் தகவலை அணுகவும் ஆவணங்களைப் பார்வையிடவும் உதவ வேண்டும் என்று பிரிவு 7(4)-உம் பொதுத் தகவல் அலுவலரைக் கட்டாயப்படுத்துகின்றன. சகோதரி, நீங்கள் சாய்தளத்தின் மதிப்பீட்டு நகலை அந்தச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். பொறியாளர் நண்பர் சொன்ன எம்-புக் பக்கத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

காவிரிக்கரை

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. ஊராட்சிச் செயலர் ஐயாவுக்கு: நாளும் நேரமும் குறித்துக் கேட்பதில் எனக்கு மறுப்பு இல்லை, அது எனக்கும் நல்லது, வெயிலில் காத்திருக்க வேண்டாம். ஆனால் அது எனக்காக மட்டும் செய்யப்படும் தனி ஏற்பாடாக முடிந்துவிடக் கூடாது. மூட்டுவலியோடு வரும் முதியவர்களும், நிறைமாதக் கர்ப்பிணிகளும் அதே படிகளில்தான் ஏறுகிறார்கள். "மாடி ஏற இயலாதவர்களுக்கு இந்த எண்ணில் அழைத்தால் அலுவலர் தரைத்தளத்துக்கு வருவார்" என்று வாசலில் ஒரு பலகை வைப்பதையும் கேட்கப்போகிறேன்.

உதவியாளர்களை நான் குறை சொல்லவில்லை. நாற்காலியோடு தூக்கும்போது ஒருவர் கை நழுவினால் முறிவது என் எலும்பு. புடவை விலகினால் சரிசெய்துகொள்ள என் கைகள் இரண்டும் நாற்காலிப் பிடியை இறுகப் பற்றிக்கொண்டிருக்கும். மாடியில் வேலை முடிந்தபின் அவர்கள் இருவரும் மறுபடி கிடைக்கும்வரை நான் அங்கேயே இருக்க வேண்டும். அங்கே நான் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை இல்லை. வரி செலுத்தும் ஒருவர் தன் வீட்டுக்கான சான்றைக் காட்ட இவ்வளவையும் கடந்து போக வேண்டும் என்பதை உதவி என்று ஏற்க எனக்கு மனமில்லை. பிரிவு எண்களைப் பொறுத்தவரை, மென்மையாகக் கேட்டுத்தான் "ஆம்பளைங்களை அனுப்புங்க" என்ற பதில் கிடைத்தது. எனவே முதல் கடிதத்தில் 3(5) ஒரு வரியாக இருக்கும். சட்டத்தை மீறினால் விதிக்கப்படும் தண்டத்தொகையைப் பற்றி எதுவும் எழுதப்போவதில்லை.

லிஃப்ட் கோரிக்கையை யார் மூலம் கொண்டுபோனால் நகரும் என்பதை மட்டும் பழைய கோப்பு ஐயா சொன்னால் நல்லது.

பழைய கோப்பு

குறைதீர் அலுவலர் பற்றிய விளக்கத்துக்கு நன்றி. அதை விட்டுவிடுங்கள் அம்மா.

லிஃப்ட்டுக்கு இப்போது ஒரு நல்ல காரணம் வந்திருக்கிறது. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக அமர்த்துவதற்கான சட்டத்திருத்தங்கள் 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் கொண்டுவரப்பட்டு நிறைவேறின. நகராட்சி மன்றத்துக்கு ஒருவர். பெரும்பாலான நகராட்சிகளைப் போல உங்கள் ஊரிலும் மன்றக் கூட்ட அரங்கு மாடியில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். சக்கர நாற்காலியில் வரும் ஓர் உறுப்பினர் கூட்டத்துக்கு எப்படி வருவார் என்று மன்றத்தில் எழும் கேள்விக்கு "வீட்டிலிருந்து யாரையாவது அனுப்பச் சொல்லுங்கள்" என்று பதில் சொல்ல முடியாது. உங்கள் இரண்டாவது கடிதத்தின் நகலை உங்கள் வார்டு கவுன்சிலருக்கும், நியமன உறுப்பினர் இருந்தால் அவருக்கும் கொடுங்கள். வரவுசெலவுத் திட்டம் தயாராகும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியில் கேட்பதும் பயன் தரும். நகராட்சியின் பொது நிதியில் சம்பளம் போகவே மிச்சம் இருக்காது. லிஃப்ட் வரும்வரை மன்றக் கூட்டத்தையும் வருவாய்ப் பிரிவையும் தரைத்தளத்துக்கு மாற்றி, பொதுமக்கள் அதிகம் வராத பொறியியல் பிரிவை மாடிக்கு அனுப்ப முடியுமா என்றும் கேளுங்கள். மேசைகளை மாற்றிப் போடுவதில் பொறியாளர்களுக்குக் கோபம் வரும்; வரட்டும்.

பெயர் மாற்றத்துக்காக அலுவலர் கீழே வரும் நாளில் அசல்களோடு இரண்டு தொகுதி நகல்களையும் கொண்டுபோங்கள். மேலே எடுத்துச் சென்று காட்டிவிட்டு வருகிறேன் என்று சொன்னாலும் அசல் பத்திரத்தைக் கொடுத்தனுப்ப வேண்டாம். உங்கள் கண்ணெதிரே ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டு தொகுதிகளிலும் பெயர், பதவி, தேதியுடன் கையொப்பமிடச் சொல்லி, ஒரு தொகுதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.